பெயரும் உரிமையும்

குடியாட்சி என்பது குடிமக்கள் அனைவரும் கூடி நடத்தும் ஆட்சியாகும். மக்களுள் ஏறத்தாழப் பாதியினர் பெண்டிர். அவர்கள் ஒதுங்கி நிற்கும் ஆட்சி, ஒற்றைச் சக்கரத்தில் ஓட முயலும் வண்டியை ஒக்கும்.

நம் நாட்டின் முதற் பொதுத் தேர்தல் 1951-52-இல் நடைபெற்றது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவர், பெண்டிர் அனைவர்க்கும் அரசியல் சட்டம் வாக்குரிமை வழங்கியிருந்தது. எனினும், வாக்காளர் பட்டியல் எழுத வந்த அலுவலரிடம் வட மாநிலங்கள் சிலவற்றின் பெண்கள் பலர் தம் பெயரைக் கூறவில்லை. இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே கூறினர். அயலாரிடம் பெயர் கூறலாகாது என்பது அவ்வூர்களின் வழக்கம். பெயரின்றிப் பதிதல் கூடாது எனத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். அதனால் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. சட்டம் தந்ததை வழக்கம் பறித்தது! ஆணையர் செயல் கடுமையானது எனச் சிலர் கருதலாம். ஆயின், பெயரற்றவராகப் பெண்களை ஏற்றிருப்பின், அவ்வழக்கத்திற்கு அரசே முத்திரையிட்டதாகும் அன்றோ?

வாக்களிப்பதில் பெண்கள் இன்று பின்தங்கவில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் ஆடவர்க்கு நிகராக வாக்களித்தனர். ஆயினும், 2024-இல் 543 இடங்களுள் 74 இடங்களிலேயே பெண்கள் வென்றனர். வாக்குச்சாவடியின் வாயில் திறந்தும், அவையின் வாயில் அகலத் திறவாதது ஏன்? கட்சிகள் பெண்களை வேட்பாளராக நிறுத்தத் தயங்குகின்றன. தேர்தற் செலவுக்குரிய பொருள் அவர்கள் கையில் இல்லை. வீட்டுச் சுமையோ முழுவதும் அவர்கள் தலைமேலேயே உள்ளது. துணிந்து வெளிவருவோரையும் பழிச்சொல் தொடர்கின்றது.

சட்டம் இத்தடைகளை ஓரளவு தகர்த்துள்ளது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. ஆயினும், மனைவி தலைவியாக இருக்கக் கணவரே ஆணையிடும் ஊர்களும் உள. அன்று தன் பெயரைச் சொல்லாத பெண்ணுக்கும், இன்று தன் பெயரால் பிறர் ஆளக் காணும் பெண்ணுக்கும் வேறுபாடு சிறிதே.

பெண் அவையில் அமர்வதால் விளையும் பயன் யாது? 1927-இல் சென்னைச் சட்டசபையில் இடம் பெற்ற முத்துலட்சுமி அம்மையார், தேவதாசி முறையை ஒழிக்க அங்கே குரல் எழுப்பினார். துன்பத்தை அறிந்தவர் பேசும்போதே அதற்குத் தீர்வு பிறக்கும்.

மாணவர்களே! சட்டம் வாயிலைத் திறக்கும். வழிவிட வேண்டியது வீடு. இல்லத்தில் சகோதரியின் கருத்தைக் கேளாதவன், நாளை மன்றத்தில் பெண்ணின் சொல்லை மதிப்பானோ? ஆதலின், குடியாட்சியை நம் இல்லத்திலிருந்தே தொடங்குவோமாக!