ஆறு நாடு போட்டான்... நாலு நாடு தேறுச்சு!

போன ஞாயிறு, நெருப்பெரிச்சலில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஒரு பழைய ஆர்டர் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தான் தம்பி. பெரியம்மா மகன். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட். பத்தாவதில் கணக்கு காலை வாரியதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தவன். எட்டு வருஷம் ஆச்சு. இதுவரை அவன் போன தூரம் திருப்பதியும் ராமேஸ்வரமும்தான்.

ஷீட்டின் பின்பக்கம் பென்சிலில் ஒரு வரைபடம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி இலங்கை. அங்கிருந்து மலேசியா, தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம், கடைசியில் பாலி. 6 நாடு, 40 நாள், முதுகில் ஒரே ஒரு பை. சீட்டு எடுத்த பணமும் தீபாவளி போனஸும் சேர்த்து 1,60,000 ரூபாய். தீபாவளிக்கு மறுநாள் கிளம்புவதாகத் திட்டம்.

“ஏன்டா, இந்த நாடுங்கதான் வேணுமா?” என்று கேட்டேன்.

“ஆர்டரு வியட்நாமுக்குப் போயிருச்சு, கம்போடியாவுக்குப் போயிருச்சுன்னு கம்பெனியில தினமும் பேசறாங்கக்கா. அந்த ஊரு எப்படித்தான் இருக்குதுன்னு ஒருக்கா பாத்துட்டு வந்தர்றேன்.”

சிரிப்பு வந்தாலும் சிரிக்க முடியவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவிகித வரி போட்டபோது வியட்நாமுக்கு 20, கம்போடியாவுக்கு 19. அந்த மாசங்களில் எங்கள் தெருவில் ஓவர்டைம் இல்லாத வீடுதான் அதிகம். அவனுக்கு அந்த நாடுகள் வெறும் டூரிஸ்ட் ஸ்பாட் இல்லை.

அன்று சாயங்காலம் முழுக்க அந்த ஷீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நாங்கள் அடித்துத் திருத்தியதில் உங்களுக்கும் உதவுகிற விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் மழை, அப்புறம்தான் மேப்

எல்லாரும் செய்கிற தப்பைத்தான் தம்பியும் செய்திருந்தான். மேப்பில் எது பக்கத்தில் இருக்கிறதோ, அது அடுத்த ஊர். ஆனால் வெப்பமண்டல நாடுகளில் நாம் பார்க்க வேண்டியது தூரத்தை இல்லை, மழையை.

தீபாவளி முடிந்தால் வடகிழக்குப் பருவமழை. நாகை - காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே மழைக்காலத்துக்காக நின்றது. மறுபடி ஓடியது 2024 ஆகஸ்ட்டில்தான். ஆக, அவன் திட்டத்தின் முதல் படியே ஆட்டம்.

மற்ற ஊர்களின் கதையைப் பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதே சமயம், மலேசியாவிலிருந்து தாய்லாந்துக்குள் நுழைந்ததும் வருகிற ஹாட்யாய் நகரம் வெள்ளத்தில் மூழ்கி, சுற்றுலா வந்தவர்கள் ஓட்டல்களிலேயே மாட்டிக்கொண்டார்கள். அதற்கு ஒரு மாசம் முன்பு, மத்திய வியட்நாமில் ஹுவேயும் ஹோய் ஆனும் தண்ணீரில் நின்றன. பாலிக்கு நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். தம்பி போட்ட தேதியில் 6 நாட்டில் பாதிக்கு மேல் குடை பிடித்துக்கொண்டுதான் சுற்ற வேண்டும்.

இது புது ஞானமும் இல்லை. ராஜேந்திர சோழன் 1025-ல் படை அனுப்பிய கடாரம், இன்றைய மலேசியாவின் கெடா. அந்தக் காலத்து வியாபாரிகள் ஒரு பருவக்காற்றில் போய்ச் சேர்ந்து, காற்று திரும்பும்வரை துறைமுகத்தில் காத்திருந்து, அடுத்த காற்றில் ஊர் திரும்பினார்கள். அவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுத்தது காற்று. நமக்கு விமானம் இருப்பதால் அதை மறந்துவிட்டோம்.

அதனால் பயணம் பொங்கலுக்கு அப்புறம் என்று மாறியது. ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கு, பாங்காக், கம்போடியா, தென் வியட்நாம் நான்கிலும் மழை குறைவு. பாலி அடிபட்டது. “அது ஏப்ரலுக்கு மேல போற ஊரு, தனியா ஒருவாட்டி போய்க்கலாம்” என்றேன். இலங்கையும் இப்போதைக்கு வேண்டாம். அது பக்கத்து வீடு மாதிரி, கப்பல் ஓடுகிற மாசத்தில் நாலு நாள் லீவில் போய்விட்டு வரலாம்.

காண்ட்ராக்டரும் ஒரு மாசத்துக்கு மேல் லீவு கிடையாது என்று சொல்லியிருந்தார். அதற்கு மேல் போனால் மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும். 40 நாள் 28 ஆனது, 6 நாடு 4 ஆனது.

எல்லை திறந்திருக்கா?

பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் போய், போய்பெட் எல்லையைத் தாண்டி, சியாம் ரீப் நகரத்தில் அங்கோர் வாட் பார்ப்பது பையைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறவர்களின் வழக்கமான பாதை. தம்பியும் யூடியூப்பில் பார்த்து அதையே எழுதியிருந்தான். அவன் பார்த்தது பழைய வீடியோ. 2025 ஜூலையில் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் சண்டை மூண்டு, தரைவழி எல்லை மூடப்பட்டது. டிசம்பரில் மறுபடியும் சண்டை. அந்த எல்லையை நம்பித் திட்டம் போடவே கூடாது. பாங்காக்கிலிருந்து கம்போடியாவுக்கு விமானம் என்று மாற்றினோம். செலவு கொஞ்சம் கூடும். நடு வழியில் நிற்பதற்கு அது பரவாயில்லை.

விசாவிலும் இதே கதைதான். ‘மலேசியாவுக்கு விசா வேண்டாம்’ என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை என்று அறிவிக்கப்பட்டது எத்தனை பேருக்குத் தெரியும்? தம்பி போவது 2027 ஜனவரி. நீட்டித்தால்தான் சும்மா போக முடியும், இல்லையென்றால் விசா எடுக்க வேண்டும். அதைப் பார்க்காமல் டிக்கெட் போடக்கூடாது. தாய்லாந்து 2024 ஜூலையில் விசா இல்லாமல் 60 நாள் தங்கலாம் என்றது. அதைக் குறைக்கப் போவதாக 2025-லேயே பேச்சு கிளம்பிவிட்டது. இரண்டு நாட்டுக்கும் போவதற்கு முந்தைய 3 நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்டால் நீங்கள் இருப்பது போலி வெப்சைட்.

வியட்நாமுக்கு இ-விசா. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். வியட்நாமைக் கடைசி நாடாக வைத்தால் 25 டாலரே போதும். நாடுகளின் வரிசையை மாற்றினாலே மிச்சமாகிற பணம் இது.

அந்த ஒரு முத்திரை

“பாஸ்போர்ட்டைக் காட்டு” என்றேன். பயந்த மாதிரியே ‘ஈசிஆர்’ என்று இருந்தது. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் வருகிற முத்திரை. படிப்பு குறைந்தவர்கள் வெளிநாட்டில் வேலைக்குப் போய் ஏமாறக்கூடாது என்பதற்காக, 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அரசின் அனுமதி வாங்கச் சொல்கிறார்கள். அந்த 18-ல் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியாவும் உண்டு. வியட்நாமும் கம்போடியாவும் இல்லை.

சுற்றிப்பார்க்கப் போகிறவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஆனால் ஏர்போர்ட்டில் கேள்வி கூடுதலாக வரும். திரும்பி வருகிற டிக்கெட், தங்குமிட புக்கிங், கையில் இருக்கிற பணத்துக்கு ஆதாரம், எல்லாம் பிரின்ட் எடுத்து ஃபைலில் இருக்க வேண்டும். திருப்பூரில் இந்த முத்திரையோடு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் நிறைய பேர். பயப்பட வேண்டாம், தயாராகப் போங்கள்.

அப்போதுதான் தம்பி போனை நீட்டினான். “இதையும் பாருங்கக்கா. இதுல போனா செலவே இல்ல.”

டெலிகிராமில் ஒரு மெசேஜ். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாசம் 80,000, டிக்கெட் அவர்களே போடுவார்களாம், டூரிஸ்டாக வந்தால் போதுமாம். “சுத்திப் பாத்த மாதிரியும் ஆச்சு, சம்பாரிச்ச மாதிரியும் ஆச்சு” என்று யோசித்திருக்கிறான். பதிலும் போட்டிருக்கிறான். பாஸ்போர்ட் போட்டோ மட்டும் இன்னும் அனுப்பவில்லை.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. இப்படி பாங்காக் போய் இறங்கியவர்களைத்தான் மே சோட் என்ற எல்லை ஊர் வழியாக ஆற்றைத் தாண்டி மியான்மருக்குள் கொண்டுபோய், ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைத்தார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் போய் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டு வந்தன. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இப்படி மாட்டியிருக்கிறார்கள். சுற்றுலாவாகப் போனால் சுற்றுலா மட்டும்தான். வேலைக்கென்றால் அதற்கான விசா, மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவான ஏஜென்ட். இரண்டையும் கலக்கச் சொல்கிற எவரும் நமக்கு நல்லது செய்ய வரவில்லை.

அந்த நம்பரை அங்கேயே பிளாக் செய்தோம். செய்து முடித்து ரெண்டு நிமிஷம் இருவரும் பேசவில்லை.

தேறிய பாதை இதுதான்

திருச்சியிலிருந்து கோலாலம்பூர். அங்கிருந்து ரயிலில் வடக்கே. பினாங்குக்கு பட்டர்வொர்த்தில் இறங்க வேண்டும். பிறகு அதே பாதையில் கெடா மாநிலத்தைத் தாண்டி படாங் பெசார். அந்த ஒரே ஸ்டேஷனில் மலேசிய முத்திரை, தாய்லாந்து முத்திரை இரண்டும் குத்திவிடுவார்கள். தாய்லாந்து நேரம் மலேசியாவைவிட 1 மணி நேரம் பின்னால், வாட்சை மாற்றாவிட்டால் குழப்பம்தான். அடுத்து ஹாட்யாய், ராத்திரி ரயிலில் பாங்காக். அங்கிருந்து விமானத்தில் கம்போடியா. அங்கோருக்கு 1 நாள் சீட்டு 37 டாலர், 3 நாளுக்கு 62. தம்பி 3 நாள் சீட்டு எடுப்பதாகச் சொல்கிறான். கடைசியாக நாம் பென்னிலிருந்து பஸ்ஸில் பாவெட் எல்லை வழியாக ஹோ சி மின் நகரம். அங்கிருந்து விமானத்தில் வீடு.

தேதி வைக்கும்போது இரண்டு பண்டிகைகளைப் பார்த்தோம். தைப்பூசம் ஜனவரி 22. மலேசியாவில் பத்து மலையிலும் பினாங்கிலும் ஜனம் நிரம்பி வழியும், ரூமை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். வியட்நாமின் ‘டெட்’ புத்தாண்டு பிப்ரவரி 6. தீபாவளிக்குத் திருப்பூர் காலியாவது மாதிரி, அங்கே தையல் தொழிலாளிகள் எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். கடை இருக்காது, டிக்கெட் கிடைக்காது. அதனால் வியட்நாம் அதற்கு ஒரு வாரம் தள்ளி. அவனைப் போலவே ஊருக்குப் போய்விட்டு மெஷினுக்குத் திரும்புகிறவர்களைத்தானே அவன் பார்க்க ஆசைப்படுகிறான்!

கீழே வந்து பெரியம்மாவிடம் சொன்னோம். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. தைப்பூசம் என்றதும்தான் நிமிர்ந்தார். “உங்கப்பன் வருசாவருசம் பழநிக்கு நடக்கறாரு. துண்டு ஒண்ணு, வேட்டி ரெண்டு, ஒரு சொம்பு. அதுக்கு மேல எதையும் தூக்கறதில்ல. நீயும் அப்படியே போயிட்டு வா கண்ணு. தினம் ஒருக்கா போன் மட்டும் போடோணும்” என்றார். பை கட்டுவதைப் பற்றி நான் எழுத நினைத்த எல்லாமே அந்த வார்த்தையில் வந்துவிட்டது. போகிற ஊர், தங்குகிற இடம், பாஸ்போர்ட் நகல், அந்தந்த நாட்டு இந்தியத் தூதரக நம்பர், இவை நான்கும் வீட்டில் ஒரு தாளில் இருக்கட்டும் என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

தம்பி ஷீட்டைச் சுருட்டும்போது கடைசியில் ஏதோ எழுதினான். எட்டிப் பார்த்தேன். ‘கணக்கு’ என்று இருந்தது. செலவுக் கணக்காக்கும் என்று நினைத்தேன்.

“இல்லக்கா, பத்தாவது கணக்கு. தனித்தேர்வரா எழுதிப் பாஸ் பண்ணிட்டா அந்த முத்திரை எடுபட்டுருமில்ல? பாலி பாக்கி இருக்குதே.”