கைக்குட்டைக்குப் பசிக்குமா?

சிங்காநல்லூர்,-

கல்யாண வீட்டில் தகராறு என்றால் நகை, சீர், வரிசை என்றுதான் நினைப்பீர்கள். நாற்காலித் தகராறும் உண்டு!

போன முகூர்த்த சீசனில் ஒரு நாள். திருச்சி ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். எந்த மண்டபம், யார் வீட்டுக் கல்யாணம் என்பதெல்லாம் வேண்டாம். நண்பனின் தங்கைக்குக் கல்யாணம் என்று நானும் போயிருந்தேன்.

காலை ஏழரைக்குத் தாலி கட்டு. கெட்டி மேளம் ஓய்வதற்குள் பாதிக் கூட்டம் சாப்பாட்டு ஹாலுக்கு இறங்கிவிட்டது. மேடையில் மாப்பிள்ளை, பெண், ஐயர், போட்டோக்காரர். அவ்வளவுதான் மிச்சம்!

இரண்டாவது பந்தி. நீள மேஜையில் பேப்பர் விரித்து இலை போட்டாயிற்று. இட்லி, பொங்கல், சந்தகை, தேங்காய்ப் பால், கேசரி. வாசனை ஆளைத் தூக்குது!

எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. ஒரு மேஜையில் வரிசையாக நாலு நாற்காலி காலி. பெரியவர் முகத்தில் சிரிப்பு.

கிட்டே போனதும் சிரிப்பு போய்விட்டது.

முதல் நாற்காலியில் கைக்குட்டை. அடுத்ததில் ஹேண்ட்பேக். மூன்றாவதில் கார் சாவி. நாலாவதில் ஒரு குழந்தையின் செருப்பு!

"ஏனுங்க, இங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ஆள் வருதுங்க!" பக்கத்தில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அடுத்த வரிசைக்குப் போனார். அங்கேயும் "ஆள் வருது". அதற்கடுத்த வரிசையிலும் அதே பாட்டு. இதற்குள் பரிமாறுகிறவர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு இலைதான் கணக்கு, ஆள் கணக்கில்லை. கைக்குட்டைக்கு முன்னால் இருந்த இலையில் ரெண்டு இட்லி, ஒரு வடை, சட்னி, சாம்பார் எல்லாம் விழுந்தது.

கைக்குட்டைக்குப் பசிக்குமா? இட்லி ஆறிப்போய் ஈ மொய்த்தது. பெரியவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் எழுந்து இடம் கொடுத்திருக்க வேண்டும். பாதிச் சாப்பாட்டில் எழுவதா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் ஆளைக் காணோம்!

பேக்கரியில் பன்

கை கழுவிவிட்டு வெளியே வந்து தேடினேன். எதிர் பேக்கரியில் உட்கார்ந்திருந்தார். கையில் டீ, பிளேட்டில் தேங்காய் பன்.

"ஏனுங்கய்யா, சாப்பிடாம வந்துட்டீங்க?"

"பரவால்ல கண்ணு. சக்கரைக்கு மாத்திரை போட்டுட்டு வந்துட்டேன். இன்னொரு பந்தி வரைக்கும் தாங்காது. கண்ணை இருட்டுச்சு, அதான் வந்துட்டேன்."

"மொய் வச்சீங்களா?"

"அதெல்லாம் உள்ள போறப்பவே வச்சாச்சு!" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் போடும் சில சர்க்கரை மாத்திரைகள் உண்டு. போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், மயக்கம் வரும். சில சமயம் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விடும். கைக்குட்டை போட்டவருக்கு இது தெரியுமா? அவர் தலை நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பஸ் பழக்கம்

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? வேறெங்கும் போக வேண்டாம். தீபாவளி, பொங்கலுக்கு முந்தின ராத்திரி நம்ம சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள்.

மதுரை பஸ் உள்ளே திரும்பும்போதே நாலு பேர் கூட ஓடுவார்கள். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் உள்ளே பறக்கும். சில பேர் பிள்ளையையே தூக்கி உள்ளே விடுவார்கள்! படியில் ஒழுங்காக ஏறி வருகிறவருக்கு சீட் கிடையாது. துண்டுக்கு சீட் உண்டு.

பஸ்ஸிலாவது ஒரு நியாயம் சொல்லலாம். மதுரைக்கு ராத்திரி முழுக்க நின்றுகொண்டு போக முடியாது. கல்யாணப் பந்தி இருபத்தைந்து நிமிஷம்தானே சாமி! அதற்கும் துண்டு வேண்டுமா?

"பந்திக்கு முந்து" என்ற பழமொழியைச் சிலர் சட்டமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தான் முந்துவது போதாதென்று, வீட்டில் இன்னும் தலை சீவிக்கொண்டிருக்கும் மச்சானுக்கும் சேர்த்து முந்துகிறார்கள்.

கணக்குப் போடுங்கள்

ஒரு மண்டபத்துக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். சாப்பாட்டு ஹாலில் 200 நாற்காலி. ஐந்து பந்தி. பந்திக்கு 25 நிமிஷம், இலை எடுத்து மேஜை துடைக்க 5 நிமிஷம். மொத்தம் இரண்டரை மணி நேரத்தில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிடலாம்.

இதில் 40 நாற்காலியில் ஆளுக்குப் பதில் கைக்குட்டை உட்கார்ந்து, பந்தி முழுக்க அப்படியே போகட்டும். ஒரு பந்தியில் 160 பேர்தான் சாப்பிடுவார்கள். ஆயிரம் பேருக்கு ஏழு பந்தி ஆகும். மூன்றரை மணி நேரம்! அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தில்தான் குழந்தை அழும், பெரியவருக்குக் கண்ணை இருட்டும்.

சமையல் காண்ட்ராக்டர்கள் பல பேர் பணம் வாங்குவது இலைக் கணக்கில். ஆள் வராத இலைக்கும் பெண்ணைப் பெற்றவர்தான் அழ வேண்டும்.

அடிதடி

போலீஸ் ஸ்டேஷனுக்குத் தினமும் போய் வருகிறவன் நான். வெட்டு, குத்து எல்லாம் பெரிய விஷயத்தில் ஆரம்பிக்கும் என்று நினைத்தால் தப்பு. "நீ யார்ரா கேக்கறதுக்கு?" என்ற ஒரு வார்த்தை போதும்.

2022 ஆகஸ்டில் கேரளாவில் ஆலப்புழா மாவட்டம் முட்டத்தில் ஒரு கல்யாணம். இன்னொரு அப்பளம் கேட்டாராம் ஒருவர். இல்லை என்றார்களாம். அவ்வளவுதான்! நாற்காலி பறந்தது, மேஜை உடைந்தது. மூன்று பேருக்குக் காயம். ஒரு அப்பளத்துக்கே இந்தக் கதி என்றால் நாற்காலிக்கு என்ன ஆகும்?

நல்ல வேளை, அன்றைக்கு நம்ம பெரியவர் கோபக்காரர் இல்லை. ஒதுங்கிப் போனார். சாது ஆளாக இருந்தால் பட்டினி, சண்டைக்கார ஆளாக இருந்தால் நாற்காலி! இது என்ன நியாயம்?

மில் கேன்டீன்

பெரியவர் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீ குடித்துக்கொண்டே சொன்னார்:

"மில்லுல எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணி. ஒரே நேரத்துல எத்தனை பேரு வருவோம்! எவனும் துண்டு போட மாட்டான் கண்ணு. காலி இடத்துல உக்காருவோம், தின்னுவோம், எந்திரிப்போம். பொறகால நிக்கறவனும் ராட்டுல நின்னவன்தானே!"

பெரியவர் சொன்ன அரை மணி அப்போது சட்டத்திலேயே இருந்தது. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி ஐந்து மணி நேரத்துக்கு மேல் யாரையும் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்று இருந்தது. குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டியிருந்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்த தொழிற்சாலையில் கேன்டீன் வைக்கவும் அந்தச் சட்டப்படி அரசு உத்தரவு போட முடிந்தது.

மில் சங்கு கேட்டு வளர்ந்த ஊர் இது. அந்த ஊர் ஜனங்களுக்கு நாற்காலி மரியாதையை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. மறந்துபோனதை ஞாபகப்படுத்தினால் போதும்.

கப்பலிலும் இதே கூத்து

"இதெல்லாம் நம்ம ஊர் புத்தி, வெள்ளைக்காரன் இப்படியா?" என்று ஒருவர் கேட்டார். வெள்ளைக்காரனும் இப்படித்தான்!

சொகுசுக் கப்பல்களில் முதல் நாள் என்ன நடக்கிறது தெரியுமா? ஜனங்கள் மத்தியானமே ஏறிவிடுவார்கள். ரூம் தயாராக இன்னும் நேரம் இருக்கும். கைப்பையும் குழந்தையுமாக எல்லோரும் ஒரே நேரத்தில் பஃபே ஹாலுக்குப் படையெடுப்பார்கள். தட்டு நிறைய எடுத்துவிட்டு உட்கார இடமில்லாமல் சுற்றுவார்கள். நாலு பேர் மேஜையில் ஒருத்தர், மிச்ச நாற்காலியில் பை! நம்ம மண்டபம்தான், தண்ணீரில் மிதக்கிறது.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இப்படி ஒரு சொகுசுக் கப்பல் கிளம்பியது. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்தார். ஆக, கப்பல் பந்தியும் நமக்குத் தூரமில்லை.

அங்கே கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. பல கப்பல்களில் சாப்பாட்டு ஹால் வாசலிலேயே கை கழுவ ஏற்பாடு இருக்கும். வாந்தி-பேதிக் கிருமி ஒருத்தர் கையிலிருந்து கரண்டிக்கும், கரண்டியிலிருந்து ஊருக்கும் பரவும் என்ற பயம்தான் காரணம். நம்ம மண்டபங்களிலும் இப்போது பஃபே வந்துவிட்டது. கை கழுவும் இடம் மட்டும் ஹாலின் கடைசி மூலையில்!

பக்கத்தில் யார்?

நாற்காலி பிடிப்பதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதையும் பேசித்தான் ஆக வேண்டும். "நம்ம ஆளுங்க எல்லாம் ஒண்ணா உக்காரணும்" என்கிறார்கள். முகம் தெரியாதவர் பக்கத்தில் உட்கார ஏன் இத்தனை தயக்கம்?

பந்தியில் யார் பக்கத்தில் யார் என்பதற்காகத் தமிழ்நாட்டில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1920-களில் வ.வே.சு.ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்ற விவகாரம் கிளம்பியது. காங்கிரசே ரெண்டுபட்டது. எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் நம்ம ஈரோட்டுக்காரர், பெரியார்.

1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம், சாதி மதம் பார்த்து யாரையும் ஹோட்டலுக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்றது. அப்புறமும் நம்ம கொங்குச் சீமைக் கிராமங்களிலேயே டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. அதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தன. கோயில்களில் சமபந்தி விருந்து நடத்துவதும் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடத்தான்.

அத்தனை பேர் பாடுபட்டுக் கிடைத்தது பக்கத்து நாற்காலி. அதில் கைக்குட்டையைப் போட்டு யாரைத் தள்ளி வைக்கிறோம்?

என்ன செய்யலாம்?

இடமே பிடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கைக்குழந்தையோடு வரும் தங்கைக்கு, முட்டி வலியோடு படியிறங்கும் அம்மாவுக்கு இடம் பார்த்து வைப்பது தப்பில்லை. ஒரே ஒரு விதி போதும். கை கழுவப் போனவருக்கு இடம் உண்டு. காரில் வந்துகொண்டிருப்பவருக்கு இல்லை!

இலையில் சாப்பாடு விழும் நேரத்துக்கு ஆள் வரவில்லையா? கைக்குட்டையை எடுத்துப் பையில் போடுங்கள். நிற்கிறவரை "வாங்க, உக்காருங்க" என்று கூப்பிடுங்கள்.

நிற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாப்பிடுகிறவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் மூச்சு விடாதீர்கள். அவருக்குத் தொண்டையில் இறங்குமா? ரெண்டடி தள்ளி நில்லுங்கள்.

சாப்பிட்டு முடித்தவர்கள், பக்கத்தில் இருப்பவர் முடிக்கும்வரை பொறுத்திருங்கள். அது பழைய மரியாதை. எல்லோரும் முடித்த பிறகும் காய்ந்த இலைக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசாதீர்கள். பேச மண்டபத்தில் வேறு இடமா இல்லை?

பஃபேயில் தட்டை மலையாகக் குவிக்க வேண்டாம். கொஞ்சம் எடுங்கள், மறுபடி போங்கள். அங்கே போடும் நாலைந்து மேஜை வயசானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இருக்கட்டும். வாலிபப் பிள்ளைகள் நின்று சாப்பிட்டால் கால் ஒடிந்துவிடாது.

கடைசியாக, கல்யாண வீட்டுக்காரர்களுக்கு. முன்னெல்லாம் பந்தி விசாரிக்க ஒரு பங்காளி, ஒரு மாமன் கட்டாயம் நிற்பார்கள். "இங்க ஒரு இடம் இருக்குதுங்க, வாங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். "நல்லாச் சாப்பிடுங்க" என்று இலை இலையாகக் கேட்டுப் போவார்கள். இப்போது அந்த வேலையையும் காண்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு யார் மாமன், யார் மச்சான் என்று தெரியுமா? வாசலில் வாழை மரம் கட்டுகிற செலவில்லை இது. சாப்பாட்டு ஹால் கதவில் சொந்தக்காரர் ஒருத்தரை நிறுத்துங்கள். போதும்.

அன்றைக்கு அப்படி ஒருவர் நின்றிருந்தால் பெரியவர் பேக்கரிக்குப் போயிருக்க மாட்டார்.

டீக்குக் காசு நான் கொடுக்கிறேன் என்றேன். விடவில்லை. "நீ சாப்பிட்டயா கண்ணு?" என்று கேட்டார்.

சாப்பிட்டேன் என்று சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது.