மாசித் தோட்டம்

தைப் பட்டமும் ஆடிப் பட்டமும் நம் முன்னோர் காவிரிக் கரையிலும் வைகைக் கரையிலும் கண்டறிந்த கணக்குகள். அக்கணக்கை அப்படியே தில்லிக்குக் கொணர்ந்து, பொங்கல் கழிந்த கையோடு வெண்டை விதையை ஊன்றிவிட்டு, முளைக்கவில்லையே என்று வருந்துவோர் ஆண்டுதோறும் நம்மிடையே உளர். விதையின்மேல் குற்றமில்லை. தை மாதத்தில் இவ்வூர் மண் குளிர்ந்து கிடக்கிறது. அந்த ஈரத்தில் வெண்டையும் சுரையும் முளைக்குமுன்பே அழுகிவிடுகின்றன. குளிர் முற்றும் நீங்கட்டும் என்று பங்குனிக் கடைசி வரை காத்திருப்பதும் பயன் தராது. 'லூ' என்னும் அனற்காற்று வீசும்போது கொடி பூக்கும் பருவத்தில் நிற்கும். பூவும் பிஞ்சும் கருகி உதிரும். ஆகவே நமக்கு வாய்த்தது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச்சு முதல் வாரம் வரையிலான மூன்று வாரமே.

தை முடியுமுன்பே ஒன்றரை அடிக் குழி தோண்டி, மண்ணை ஒரு வாரம் வெயிலில் ஆறவிடுக. பின்னர் மூன்றில் ஒரு பங்கு நன்கு மக்கிய சாண எரு கலந்து மூடுக. பச்சைச் சாணம் கறையானை அழைத்துவரும். சுரை, பீர்க்கு, புடலை விதைகளை ஓரிரவு நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து சமையலறையில் வெதுவெதுப்பான மூலையில் வைத்து, முளை கண்டபின் ஊன்றுதல் நலம். யமுனை மணலில் வெள்ளரியும் பூசணியும் பயிரிடுவோர் கடுங்குளிரிலேயே விதைத்து, வடமேற்கிலிருந்து வரும் காற்றைத் தடுக்க நாணல் தட்டி நட்டுக் காப்பர். மாடியில் தொட்டி வைத்திருப்போரும் அந்தத் திசையில் ஒரு சாக்குத் திரை கட்டலாம்.

விதை வாங்குவோர் 'பூசா' என்ற பெயரை அறிவர். 1905இல் பீகாரிலுள்ள பூசாவில் தோன்றிய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் சிதைந்து, 1936இல் தில்லிக்குப் பெயர்ந்தது. ஊர் மாறியும் ஊர்ப்பெயரை விடவில்லை. நம்மவர்க்கு இது புதிதன்று! மஞ்சள் நரம்பு நோயைத் தாங்குவதென்று ஒருகாலத்தில் புகழ்பெற்ற 'பூசா சாவனி' வெண்டை பிற்காலத்தில் அத்திறனை இழந்தது. பழம்பெயரை நம்பாது, நோய் தாங்கும் புதுவகையைக் கேட்டு வாங்குக.

இவை யாவற்றினும் நாம் வற்புறுத்த விரும்புவது கறிவேப்பிலையைப் பற்றியே. ஊரில் ஆண்டு முழுதும் பசுமையாய் நிற்கும் இச்செடி, தில்லிக் குளிரில் இலை மஞ்சளித்து உதிர்ந்து வெறுங்குச்சியாகிவிடும். பாட்டியார் ஈரத்துணி சுற்றிக் கொடுத்தனுப்ப, கிராண்ட் டிரங்க் வண்டியில் இரண்டிரவு மடியில் வைத்துக் காத்துக் கொணர்ந்த கன்று, "பட்டுப்போயிற்று" என்ற ஒரு சொல்லால் குப்பைக்குப் போய்விடுகிறது. பிடுங்குமுன் தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. நுனி காய்ந்திருப்பின் இன்னும் கீழே சுரண்டுக. அடித்தண்டு பச்சையாயிருந்தாலும் போதும். மார்கழி, தையில் எரு வேண்டா; நீரும் மண் காய்ந்தபின் சிறிதளவே. மாசி பிறந்ததும் நுனியை ஒரு சாண் கத்தரித்து, அடிமண்ணைக் கிளறி, இரண்டு கைப்பிடி எரு இடுக. பங்குனியில் பக்கக் கிளைகள் துளிர்க்கும். அதுவரை பொறுத்தல் வேண்டும்.

மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ இவ்வாண்டு குடித்தனம் பெயர்ப்போர், வளர்ந்த மரத்தை வேரோடு எடுத்துச் செல்ல முயல வேண்டா, பெரும்பாலும் பிழைக்காது. மழைக்காலத்தில் அடிவேரிலிருந்து எழும் பக்கக் கன்றுகளைப் பிரித்துத் தொட்டியில் நடலாம். கறுத்துப் பழுத்த கனியின் சதையை நீக்கி விதைக்கவும் செய்யலாம். ஆனால் உடனே விதைத்தல் வேண்டும், உலர்த்தி வைத்த விதை முளைக்கும் திறனை விரைவில் இழந்துவிடும். மரத்தை அடுத்துக் குடிவருவோர் பஞ்சாபியராகவோ வங்காளியராகவோ இருக்கலாம். இலையின் பயனை அவர்தம் இல்லத்தரசிக்கு ஒருமுறை சொல்லிவிட்டுப் புறப்படுக.

கோடையில் நீர் பாய்ச்சும் முறையை அடுத்த திங்கள் காண்போம்.