பஸ்ஸை விட்டு இறங்குங்க, சார்!

சிங்கப்பூரில் கப்பலேறி, பினாங்கை ஒரு எட்டு பார்த்துவிட்டு, மூன்று நாலு ராத்திரியில் திரும்பிவிடுவது நம் நடுத்தர வர்க்கத்தின் புது ஆசை. தப்பே இல்லை. காசு உங்களுடையது, கடல் எல்லோருக்கும் பொது. கப்பலோடு எனக்குச் சண்டை இல்லை. கப்பல் கரையில் நின்ற பிறகு நீங்கள் செய்கிற காரியத்தோடுதான் சண்டை.

என்ன செய்கிறீர்கள்? சட்டையில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, கப்பல்காரர்கள் விற்ற டூர் பஸ்ஸில் ஏறுகிறீர்கள். கொடி பிடித்த கைடு, ஒரு கோயில் வாசலில் பத்து நிமிடம், ஒரு சாக்லேட் கடையில் முக்கால் மணி. அந்தக் கடையில் பஸ் ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறது என்று நான் சொல்ல வேண்டாம். மகாபலிபுரத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களை நம் ஊர் டூர் வண்டிகள் எந்தக் கடை வாசலில் இறக்கிவிடுகின்றன என்று உங்களுக்கே தெரியும். அங்கே சிரிக்கத் தெரிந்த நமக்கு இங்கே சிரிப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு ஜாதி, இறங்கவே இறங்காது. “வெளியே ஒரே வெயில் சார், பஃபே மூடிடுவான்” என்று மூன்றாவது தடவையாகத் தட்டை நீட்டும். கேட்டால், கட்டின காசுக்குச் சாப்பிட வேண்டாமா? வேண்டும்தான். அதற்கு மயிலாப்பூரில் கல்யாண வீடு போதுமே, பினாங்கு எதற்கு?

இத்தனைக்கும் பினாங்கு, நடப்பதற்கென்றே அமைந்த துறைமுகம். கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை, ஜார்ஜ் டவுனின் வாசற்படி. வெளியே வந்தால் எதிரே விக்டோரியா மணிக்கூண்டு. ராணி பட்டமேறி 60 ஆண்டு ஆனதற்காக 60 அடி உயரத்தில் எழுப்பியது. அதன் அருகிலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-ல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய இடம். அங்கிருந்து பொடிநடையாகப் போனால் பழைய பிட் ஸ்ட்ரீட். ஒரே சாலையை ஒட்டி 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் சர்ச், சீனர்களின் குவான் யின் கோயில், 1833-ல் எழுந்த மாரியம்மன் கோயில், 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். கப்பலிலிருந்து பள்ளிவாசல் வரை நின்று நிதானமாகப் போனாலும் அரை மணி நேரத்து நடை. 2008-ல் யுனெஸ்கோ இந்த நகரத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பார்க்க டிக்கெட் கிடையாது, தெருவில் கால் வைத்தால் போதும்.

இதில் நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1926-ல் கட்டிய ரஜுலா கப்பல், பல்லாண்டுகள் நாகப்பட்டினத்திலிருந்து நம் ஜனங்களைப் பினாங்கில் கொண்டுபோய் இறக்கியது. அவர்களுக்கு பஃபேயும் இல்லை, நீச்சல்குளமும் இல்லை. டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள். அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் தமிழர்கள் ஏராளம். சூலியா ஸ்ட்ரீட் என்ற பெயரே தமிழ் முஸ்லிம்களைக் குறித்து வந்தது. காவடி மாதிரி தோளில் தண்டு வைத்து, இருபுறமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு விற்றார்களே, அதுதான் இன்றைய நாசி கண்டார். அதைச் சாப்பிடாமல், ஏசி பஸ் கண்ணாடி வழியாக அந்தத் தெருவை போட்டோ எடுத்துக்கொண்டு போவதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

“எல்லாம் சரி, கப்பல் நம்மை விட்டுட்டுப் போயிட்டா?” என்பீர்கள். நியாயமான பயம். கப்பல்காரர்களுக்கு லாபம் தரும் பயமும் அதுதான். அவர்கள் விற்ற டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. உண்மை. ஆனால் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் நிற்பவருக்கு இந்த இன்ஷூரன்ஸ் எதற்கு? கோயம்பேட்டில் தீபாவளிக்கு முதல் நாள் பஸ் பிடித்தவர் நீங்கள்!

மூன்றே ஜாக்கிரதை போதும். புறப்படும் நேரத்தைப் பார்க்காதீர்கள். எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம் அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முந்தியது. அதற்கும் ஒரு மணி முன்னதாகத் திரும்புங்கள். இரண்டாவது, கப்பலின் கடிகாரம் எந்த ஊர் நேரம் என்று கேளுங்கள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம். புக்கெட் போனால் ஒரு மணி பின்னால். மூன்றாவது, அன்றன்று கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் துறைமுக ஏஜென்ட் நம்பர் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். முட்டிவலியா? டிரைஷா என்னும் சைக்கிள் ரிக்‌ஷா இருக்கிறது. ஏறுவதற்கு முன்பே வாடகை பேசிவிடுங்கள்.

எல்லாத் துறைமுகமும் இப்படி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ‘கோலாலம்பூர்’ என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, கப்பல் நிற்பது கிள்ளான் துறைமுகத்தில். நகரம் அங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ‘பாங்காக்’ என்றால் லாம் சாபாங். நூறு கிலோமீட்டருக்கும் மேல். ‘ரோம்’ என்றால் சிவிட்டாவெக்கியா. அங்கிருந்து ரயில் பிடிக்க வேண்டும். அங்கெல்லாம் பஸ்ஸோ ரயிலோ ஏறத்தான் வேண்டும். ஆகவே டிக்கெட் வாங்கும்போது ஊர்ப் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். துறைமுகத்தின் பெயரைக் கேளுங்கள்.

கடைசியாக, அந்த ஊர்க்காரர் பக்கம் நின்று யோசியுங்கள். 2021-ல் வெனிஸ் நகரின் மையத்துக்குள் பெரிய கப்பல்கள் வரத் தடை வந்தது. அலாஸ்காவின் ஜூனோ, 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்தான் என்று வரையறுத்தது. ஆயிரக்கணக்கில் வந்திறங்கி, தெருவை அடைத்து, படமெடுத்து, சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே ஓடிவிடும் கூட்டத்தை எந்த ஊர் எத்தனை நாள் பொறுக்கும்? நடப்பவரும் இடத்தை அடைக்கிறார்தான். ஆனால் அவர் தெருவோரக் கடையில் டீ குடிக்கிறார், வழி கேட்கிறார், பூக்காரம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுகிறார். அவர் தரும் ரிங்கிட் நேராக அந்தக் கடைக்காரரின் கல்லாவில் விழுகிறது.

அடுத்த முறை பினாங்கில் கப்பல் நின்றதும் ஸ்டிக்கர் ஒட்ட வந்தால், வேண்டாம் என்று சொல்லுங்கள். குடையை எடுங்கள். செருப்பை மாட்டுங்கள். மதியச் சாப்பாடு சூலியா ஸ்ட்ரீட் பக்கம். பஃபே எங்கேயும் ஓடிவிடாது. ராத்திரியும் அதே பனீர்தான்.