கடல் வாசலும் கவுனிக் கட்டணமும்

சென்னைக் கரைக்குப் புதிய கடலடிக் கேபிள்கள் வந்து சேருவதைக் குறித்துப் பெருமையான செய்திகள் வெளியாகின்றன. சிங்கப்பூரையும் பிரான்சையும் இணைக்க, ஏறத்தாழ 21,700 கிலோமீட்டர் நீளத்திற்குத் திட்டமிடப்பட்ட சீ-மீ-வீ 6 என்னும் கேபிள் 2024ஆம் ஆண்டின் முடிவில் இங்கே கரையேறிற்று. நாமும் சந்தோஷிக்கிறோம். ஆனால் கேபிள் வந்தது என்பதும் அதன் பயன் ஜனங்களுக்கு வந்தது என்பதும் ஒன்றல்ல. இடையில் ஒரு வாசல் இருக்கிறது. அதன் திறவுகோல் யார் கையில், எந்த நிபந்தனையின்மேல் இருக்கிறது என்பதே பிரஜைகள் கேட்க வேண்டிய கேள்வி.

விஷயத்தை எளிதாகச் சொல்லுவோம். கடலடியில் வரும் கண்ணாடி இழைக் கம்பி கரையில் ஒரு நிலையத்தில் வந்து முடிகிறது. அதற்குக் கேபிள் இறங்குநிலையம் என்று பெயர். தேசத்திற்குள் இண்டர்நெட் வழங்கும் ஒரு கம்பெனி, சிங்கப்பூரில் பேரம் பேசி அந்தக் கேபிளில் ஒரு பங்கை விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால் அந்தப் பங்கைத் தன் யந்திரத்தோடு இணைக்க வேண்டுமாயின், இறங்குநிலையத்தின் சொந்தக்காரர் இடம் கொடுக்க வேண்டும். இணைப்பும் கொடுக்க வேண்டும். சொந்தக்காரரோ பெரும்பாலும் அதே வியாபாரத்தில் போட்டியிடுபவர். மூவாயிரம் கிலோமீட்டர் கடலைத் தாண்டிய சரக்கு ஓர் அறையின் சுவரைத் தாண்டுவதற்குப் போட்டிக்காரரின் தயவை நாடி நிற்க வேண்டியதாகிறது.

யானைக்கவுனியில் வசிக்கும் நமக்கு இது புதிய கதையன்று. கவுனி என்றாலே வாசல்தானே! 1758-59இல் பிரெஞ்சுக்காரர் இந்நகரை முற்றுகையிட்டுப் போன பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனியார் கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். மதிலின் செலவை ஊராரிடம் வரியாக வாங்கவும் எண்ணினார்கள். அந்த வரி வசூலாகவில்லை என்பர். ஆயினும் அதன் பெயர் வால்டாக்ஸ் சாலையாக இன்றும் நிற்கிறது. மதில் போயிற்று, கவுனியின் பெயர் மட்டும் நிலைத்தது. வாசலைக் காப்பவன் தன் செலவைக் கேட்பது ஒன்று. வாசல் தன்னிடம் இருப்பதாலேயே கேட்டதையெல்லாம் வாங்குவது வேறு. இந்த வித்தியாசத்தைத்தான் நாம் வற்புறுத்துகிறோம்.

கடல் வாசல் ஒருவர் கையில் இருந்ததும் புதிதல்ல. 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி போட்டது ஓர் ஆங்கிலக் கம்பெனி. 1947இல் வெளிநாட்டுத் தந்திப் போக்குவரவு நம் சர்க்கார் வசமாயிற்று. 1986இல் அப்பொறுப்பு விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் சர்க்கார் கம்பெனியிடம் சென்றது. 1995 ஆகஸ்டு 15ந் தேதி பொது ஜனங்களுக்கு இண்டர்நெட்டைத் திறந்துவிட்டதும் அதுவே. 2002இல் அதன் ஏகபோகம் முடிவுற்றது. அவ்வாண்டே அதன் நிர்வாகம் டாட்டா குழுமத்திற்குப் போயிற்று. அதே 2002இல் பாரதியும் சிங்டெல்லும் சேர்ந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ-டு-ஐ கேபிளைப் போட்டன. ஏகபோகம் சட்டத்தில் ஒழிந்தது. வாசலில் ஒழிந்ததா?

ஒழியவில்லை என்பதற்கு வழக்குகளே சாட்சி. பம்பாய் நிலையத்தில் தனக்கு இடம் மறுக்கப்பட்டதாக ஃபிளாக் கம்பெனி தொடுத்த வியாஜ்யத்தில், 2006இல் ஹேக் நகரில் கூடிய மத்தியஸ்தர்கள் விதேஷ் சஞ்சார் நிகம் ஒப்பந்தத்தை மீறியதாகத் தீர்த்தார்கள். 2007 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய், இறங்குநிலையச் சொந்தக்காரர்கள் மற்றவர்களுக்கு வழிவிட வேண்டுமென்று விதி செய்தது. வழி திறந்தது; ஆனால் வழிக் கட்டணம் மிகையென்ற முறையீடு நிற்கவில்லை. 2012 டிசம்பரில் ஆணையத்தார் தாமே கட்டண அட்டவணையை வகுத்தார்கள். நிலையங்களை வைத்திருந்த பெருங்கம்பெனிகள் சென்னை ஐகோர்ட்டுக்கு வந்தன. ஒற்றை நீதிபதியின் முன் 2016லும், பெஞ்சின் முன் 2018லும் தீர்ப்பாகி, வழக்கு சுப்ரீம் கோர்ட்டை அடைந்தது. அங்கே 2018 அக்டோபரில் ஆணையத்தின் அதிகாரம் நிலைபெற்றது. அட்டவணைக் கணக்கை மட்டும் மறுபடி பார்க்கும்படி உத்தரவாயிற்று. நவம்பரில் திருத்திய விதி வெளிவந்தது.

கேபிள்காரர்களின் வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. கடலடியில் கம்பி போடுவது பெரும் பணமும் பெரும் அபாயமும் உள்ள காரியம். நங்கூரமும் மீன்வலையும் அதை அறுக்கின்றன. 2024லும் 2025லும் செங்கடலில் கம்பிகள் அறுந்து நம் தேசத்துப் போக்குவரவும் தடுமாறிற்று. முதலுக்கு நியாயமான லாபம் வேண்டும். கணக்கை மறுத்துரைக்கச் சந்தர்ப்பமும் வேண்டும். நியாயஸ்தலத்தின் படியேறியது குற்றமென்று நம் போன்ற வக்கீல் தொழில் கற்றவர் சொல்லமாட்டார். ஆனால் 2012இல் வகுத்த அட்டவணை உறுதிப்பட 2018 ஆயிற்று. இத்துறையில் ஆறு ஆண்டு ஒரு தலைமுறைக்குச் சமானம். பெரியவனுக்குத் தாமதம் ஒரு செலவு. சிறியவனுக்கோ அதுவே மரணம். வாய்தா கேட்பவனுக்கே லாபம் தரும் நீதி எவ்வளவு நேர்மையாயினும் பாதி நீதிதான்.

‘இப்பொழுது டேட்டா மலிவாயிற்றே, இன்னும் என்ன குறை?’ என்று சிலர் கேட்கிறார்கள். மெய்தான். 2014இல் ஒரு ஜிபிக்குச் சுமார் 269 ரூபாயாக இருந்த விலை 2018இல் சுமார் 12 ரூபாய்க்கு இறங்கிற்று. ஆனால் எப்படி இறங்கிற்று? 2016இல் ஜியோ தொடங்கிய விலைப் போரினால் இறங்கிற்று. அப்போருக்குப் பின் 2018இல் சென்னையின் ஏர்செல் திவாலாயிற்று. களத்தில் ஆட்கள் குறைந்தபின், 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கட்டணத்தை உயர்த்தின.

வால்டாக்ஸ் சாலைக்கு இன்று வ.உ.சி. சாலை என்று பெயர். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட சிதம்பரம் பிள்ளையவர்களை எதிர்த்து வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது. குடை வாங்கியவர்கள் மலிவென்று மகிழ்ந்தார்கள். சுதேசிக் கப்பல் போன பிறகு அந்தக் குடை யாருக்கு நிழல் தந்தது? போட்டியாளனை ஒழிக்கத் தரும் மலிவு கொடையாகாது. வாசல் எல்லோருக்கும் திறந்திருப்பதால் வரும் மலிவே நிலைக்கும்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் ஒரு நாள் வடசென்னைக்கு வரட்டும். துறைமுகத்துச் சரக்குக்குச் சுங்கப் பத்திரம் போடும் ஏஜண்டு அதைக் கம்ப்யூட்டர் வழியே அனுப்புகிறார். இணைப்பு நின்றால் சரக்கு நிற்கும். சவுக்கார்பேட்டை வியாபாரி கணக்கையும் வரியையும் அதன் வழியே செலுத்துகிறார். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பிள்ளைகள் படிப்பதும், வேலைக்கு மனுப் போடுவதும் அதன் வழியேதான். தெருக்கோடியில் கேபிள் டி.வி. நடத்தியவரே இன்று வீடுகளுக்கு இண்டர்நெட் இழுத்துக் கொடுக்கிறார். கூப்பிட்ட நேரத்தில் ஏணியோடு வருகிறவர் அவர். மொத்த வியாபாரி வைத்த விலைக்கே அவர் வாங்க வேண்டும். மேல் வாசல் குறுகினால் முதலில் மூச்சுத் திணறுகிறவரும் அவரே.

நாம் கேட்பது தானமன்று. முதலாவது, இறங்குநிலையக் கட்டணம் செலவுக்கும் நியாயமான லாபத்திற்கும் உட்பட்டிருக்க வேண்டும்; அது காலந்தோறும் பரிசீலிக்கப்பட்டுப் பகிரங்கமாக அச்சிடப்பட வேண்டும். இரண்டாவது, இணைப்புக் கேட்டவனுக்கு இத்தனை நாளில் தர வேண்டுமென்ற கெடு, அபராதத்தோடு இருக்க வேண்டும். மூன்றாவது, கட்டணத்தைப் பற்றி வழக்கு வந்தால், ஆணையத்தின் விலையே அதுவரை நடைமுறையில் இருக்கட்டும். தீர்ப்புக்குத் தக்கவாறு பிறகு வட்டியோடு நேர் செய்துகொள்ளலாம். நான்காவது, 2023 ஜூனில் ஆணையத்தார் சிபார்சு செய்தபடி, பெரிய நிலையத்தின் கேபிளைத் தமது துணை நிலையத்தில் ஏற்றுக்கொள்ள மற்றக் கம்பெனிகளுக்கு இடமளிக்கும் ஏற்பாடு காகிதத்திலிருந்து கரைக்கு வர வேண்டும்.

இது இயலாத காரியமன்று. அந்தமான் தீவுகளுக்குச் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிளைப் பொதுப் பணம் 1,224 கோடி ரூபாயில் பி.எஸ்.என்.எல். மூலமாகப் போட்டு, 2020 ஆகஸ்டில் சர்க்கார் திறந்து வைத்தது. லாபம் வராத தீவுக்குக் கடலையே கடக்க முடிந்த சர்க்காருக்கு, லாபம் கொழிக்கும் நிலையத்தில் ஒரு கதவைத் திறந்து வைக்கவா முடியாது?

கம்பியை முதலாளி போடட்டும்; லாபமும் அடையட்டும். ஆனால் அது வந்திறங்கும் கரை தேசத்தின் கரை. அங்கே நிற்கும் கவுனிக்குக் காவல் வேண்டும், கணக்கும் வேண்டும். ஆணையத்தாரும் டில்லி சர்க்காரும் இதை அடுத்த வழக்கு வருவதற்கு முன்பே உணர்வார்களாக.