நீங்கள் கேட்டவை: பன்றி விரட்டும் சைரன் நள்ளிரவில் நிற்பது ஏன்?

கேள்வி: "கடலைக் காட்டில் பன்றித் தொல்லை. கரன்ட் இல்லாத இடம் என்பதால், ஒரு 18650 லித்தியம் செல்லில் 12 வோல்ட் சைரனை ஓட்டுகிறோம். வோல்டேஜை ஏற்ற எம்டி3608 என்ற சிறிய போர்டு. 2 ஆம்பியர் தாங்கும் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். டைமர் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் ஒலிக்கிறது. ராத்திரி ஏழு மணிக்கு நன்றாகக் கத்தும் சைரன், பன்னிரண்டு மணிக்கெல்லாம் குரல் கம்மி நின்றுவிடுகிறது. போர்டைத் தொட முடியாத அளவுக்குச் சூடு. இரண்டே ராத்திரியில் பத்து சென்ட் கடலையைப் பன்றிகள் கிளறிவிட்டன. அறுவடைக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. பெரிய போர்டு வாங்கினால் சரியாகுமா?"
– திண்டுக்கல் மாவட்ட வாசகர் ஒருவர்.

பதில்: பெரிய போர்டு வாங்கினாலும் சைரன் அதே பன்னிரண்டு மணிக்குத்தான் நிற்கும். 3.7 வோல்ட் செல் ஒன்றை வைத்து 12 வோல்ட் வேலை வாங்குவதுதான் இங்கே சிக்கல்.

இந்தப் போர்டு மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. வோல்டேஜை எத்தனை மடங்கு ஏற்றுகிறதோ, அதற்கும் கொஞ்சம் கூடுதலான மடங்கு ஆம்பியரைச் செல்லிலிருந்து இழுக்கிறது. சைரன் அரை ஆம்பியர் எடுக்கும் என்றால், 12 வோல்ட்டில் அது 6 வாட். போர்டில் சூடாக வீணாவதையும் சேர்த்தால், செல் 7 வாட் கொடுக்க வேண்டும். 3.7 வோல்ட்டில் அதற்கு 1.9 ஆம்பியர். செல் 3.2 வோல்ட்டுக்கு இறங்கினால் 2.2 ஆம்பியர். மாடு களைக்கக் களைக்கப் பாரம் ஏற்றுவது போலத்தான். கடைக்காரர் சொன்ன 2 ஆம்பியர், போர்டு உள்ளே இழுக்கும் அளவு. சைரனுக்கு வெளியே கொடுக்கும் அளவு அல்ல. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

செல்லின் கணக்கையும் பார்க்கலாம். 2,000 மில்லி ஆம்பியர்-மணி செல்லில், கழிவு போக 6 வாட்-மணி கிடைக்கும். சைரன் மொத்தமாக ஒரு மணி நேரம் ஒலிக்க அது போதும். ஏழு மணியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஒலித்தால், அந்த ஒரு மணி நேரம் சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தீர்ந்துவிடுகிறது. மேலுறையில் 9,800 என்று அச்சடித்த 18650 செல்லை நம்ப வேண்டாம். நல்ல செல்லே 3,500-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

வீட்டில் பேட்டரி ஸ்பிரேயர் இருந்தால் வேலை சுலபம். பெரும்பாலான ஸ்பிரேயர்களில் இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பேட்டரி. அதைச் சைரனுக்கு நேராகவே கொடுக்கலாம். ஏற்றும் போர்டே வேண்டாம். பாதிச் சார்ஜை மட்டும் செலவழித்தாலும் மூன்று ராத்திரி தாங்கும். பிளஸ் வயரில் 2 ஆம்பியர் பியூஸ் ஒன்று போட்டுவிட வேண்டும். மருந்தடிக்கும் நாளுக்கு முன்பு முழு சார்ஜ் ஏற்ற மறந்துவிடக் கூடாது.

லித்தியம் செல்தான் வேண்டும் என்றால், ஒரே வகையில் 2,600-க்குக் குறையாத இரண்டு நல்ல செல்களைத் தொடராக இணைத்து, 7.4 வோல்ட்டிலிருந்து எக்ஸ்எல்6009 போர்டில் 12-க்கு ஏற்றலாம். இழுப்பு ஒரு ஆம்பியருக்குள் அடங்கிவிடும். இரண்டு செல்லுக்கான பாதுகாப்பு போர்டும், அதற்கேற்ற சார்ஜரும் கட்டாயம் தேவை. ஒற்றைச் செல்லுக்கு எக்ஸ்எல்6009 சரிவராது. உள்ளே 5 வோல்ட்டாவது வர வேண்டும். இப்போது கையில் இருக்கும் எம்டி3608 போர்டையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. 5 வோல்ட்டில் ஓடும் மண் ஈரப்பத சென்சார் போன்ற சின்ன வேலைக்கு ஒற்றைச் செல்லோடு அது நன்றாகவே உழைக்கும்.

எந்தப் போர்டானாலும் சைரனை இணைக்கும் முன்பே, மல்டிமீட்டரை வைத்துத் திருகைத் திருப்பி 12 வோல்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பல சுற்று திருப்பிய பிறகுதான் வோல்டேஜ் அசையும், பொறுமை வேண்டும். டைமரும் சுவிட்சும் பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவில் வர வேண்டும். சைரன் பக்கம் சுவிட்ச் வைத்தால், சும்மா இருக்கும் போர்டு செல்லை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எம்டி3608 போர்டு 2 வோல்ட் வரைக்கும் விடாமல் இழுக்கும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்த செல்லுக்கு மறுபடி சார்ஜ் போடுவது ஆபத்து. வாசகர் தன் செல்லை முதலில் மல்டிமீட்டரில் அளந்து பார்த்துவிடுவது நல்லது.

ஒரே இடத்திலிருந்து ஒரே சத்தம் வந்தால் பன்றிகளுக்குப் பழகிவிடும். இந்த இருபது நாளும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சைரனை வேறு வரப்புக்கு மாற்றி வைக்க வேண்டும்.