விலகல் கடிதம் தண்டனையல்ல

கடுகண்ணாவை முதல் கண்டி வரை, கொழும்பு வீதியோரக் கடைகளிலும் கம்பனிகளிலும் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. காசாளர் கையாடினால் பொலிசுக்குப் போகக்கூடாது, போனால் கம்பனியின் பெயர் கெடும் என்பதே அது. எடுத்ததைக் கட்டவைத்து, விலகல் கடிதம் வாங்கி அனுப்பிவிடுவதை விவேகம் என்கிறார்கள். அடுத்த முதலாளிக்குச் செய்யும் துரோகம் என்பேன் நான்.

அந்த மனிதர் எங்கே போவார்? நல்ல சேவைச் சான்றிதழோடு பிலிமத்தலாவையிலோ மாவனல்லையிலோ இன்னொரு காசுமேசையில் உட்காருவார். பல நாடுகளின் மோசடி வழக்குகளைத் திரட்டிய மோசடி ஆய்வாளர் சங்கத்தின் 2024 அறிக்கைப்படி, அகப்பட்டவர்களில் 87 வீதமானோருக்கு முன்பு மோசடித் தண்டனை எதுவும் இல்லை. எல்லோரும் முதல் தடவை வழுக்கியவர்களா? நான் நம்பவில்லை. பலரின் பழைய களவை யாரோ ஒரு முதலாளி மூடி மறைத்திருக்கிறார்.

அதே அறிக்கையில் இன்னொன்றும் உண்டு. 43 வீதமான மோசடிகள் யாரோ கொடுத்த தகவலால்தான் வெளிப்பட்டன. தகவல் கொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஊழியர்கள். துணிந்து வந்து சொன்ன லிகிதரின் கண்முன்னே, திருடியவர் கைகுலுக்கி வழியனுப்பப்பட்டால், அடுத்த முறை அவர் வாய் திறப்பாரா?

சட்டம் இல்லாமல் இல்லை. ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடியை 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 391ஆம் பிரிவில் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

வழக்கு இழுபடும் என்பார்கள். உண்மைதான். 2015 பெப்ரவரியில் நடந்த மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தில் குற்றம் சாட்டப்பட்ட அப்போதைய ஆளுநர் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வரவில்லை. பாரிய நிதிக் குற்றங்களை விசாரிக்க நிரந்தர மேல் நீதிமன்றம் அமைக்க 2018இல் நீதித்துறைச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. ஆனால் நீதிமன்றம் மெதுவாக நடக்கிறது என்பதற்காகக் களவை மறைப்பதா? அகப்பட்டால் வழக்கு நிச்சயம் என்ற பயமே நீளும் கையைத் தடுக்கும். தண்டனை எத்தனை ஆண்டு என்பது பிறகுதான். விலகல் கடிதத்தோடு முடியும் என்று தெரிந்தவனுக்கு என்ன பயம்?

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: காசு வசூலிக்கப் பொலிசைக் காட்டி மிரட்டி, காசு வந்ததும் வாய்மூடுவது. அது நீதியை விலைபேசுவது.

முதலாளிமாரே, சந்தேகம் உறுதியான அன்றே கணக்குப் புத்தகங்களையும் பற்றுச்சீட்டுகளையும் பத்திரப்படுத்தி, முறைப்பாடு எழுதிக் கொடுங்கள். கொடுத்த முறைப்பாட்டைத் திரும்பப் பெறாதீர்கள்.